சார்ல்ஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித்

சர் சார்ல்ஸ் எட்வர்டு கிங்ஸ்போர்ட் ஸ்மித் (பெப்ரவரி 9, 1897 – நவம்பர் 8, 1935) ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த புகழ்பெற்ற விமானி ஆவார். 1928 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் இருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்குப் பசிபிக் பெருங்கடலைக் கடந்து முதன்முதலில் வானூர்தியில் பயணித்த குழுவிற்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலியாவிற்கும் நியூசிலாந்திற்கும் இடைப்பட்ட தாஸ்மான் கடலை முதன்முதலில் வான்வழியே கடந்தவரும் இவரே. இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான பயண நேரத்தைக் குறைக்கப் பலமுறை முயன்று வெற்றி பெற்றார். அதே வழியில் மேற்கொண்ட மற்றொரு முயற்சியின்போது அந்தமான் கடற்பகுதியில் காணாமல் போனார். அப்போது இவருக்கு வயது 38. சிட்னி நகரின் பன்னாட்டு வானூர்தி நிலையம் இவரது பெயரைத் தாங்கியுள்ளது. ஆஸ்திரேலிய மக்களிடையே ஸ்மித்தி என்ற செல்லப் பெயரால் அறியப்பட்டார்.

இளமைக் காலம்

கிங்ஸ்போர்ட் ஸ்மித் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரான பிரிஸ்பேனில் ஹாமில்டன் என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை வில்லியம் சார்ல்ஸ் ஸ்மித் வங்கி மேலாளராகப் பணியாற்றியவர். தாயார் கேத்தரின் மேரி. இவரது குடும்பப் பெயரே கிங்ஸ்போர்ட் என்பதாகும். சார்ல்சின் சிறு வயதிலேயே குடும்பம் கனடாவின் வான்கூவர் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கு வாழ்ந்த காலத்திலேயே தாய்வழிப் பெயரையும் சேர்த்துக் கிங்ஸ்போர்ட் ஸ்மித் என்று குடும்பத்தினர் வழங்கத் தொடங்கினர். 1907 ஆம் ஆண்டில் குடும்பம் ஆஸ்திரேலியா திரும்பிச் சிட்னியில் குடியேறியது.

அவ்வாண்டு சனவரி மாதம் சிட்னியின் போண்டாய் கடற்கரையில் குளித்துக் கொண்டிருந்தபோது சிறுவன் சார்ல்ஸ் அலையில் இழுத்துச் செல்லப்பட்டான். கரையில் இருந்தவர்கள் அவனைக் காப்பாற்றி உயிர் பிழைக்கச் செய்தனர். சிட்னியில் புனித ஆண்ட்ரூ பேராலயப் பள்ளியிலும் பின்னர் சிட்னி தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியிலும் படித்தார். 16 ஆவது வயதில் ஒரு சர்க்கரை ஆலை நிறுவனத்தில் மின்பொறியியல் பயிலுநராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் வானூர்திகளின் உந்துபொறிகளையும் கருவிகளையும் தாமே ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்திற்கு இப்பயிற்சி உதவியாக அமைந்தது.

முதல் உலகப் போரில்

1915 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் படையில் சேர்ந்தார். கலிப்பொலி, எகிப்து, பிரான்சு ஆகிய இடங்களில் பணியாற்றினார். மோட்டார் சைக்கிளில் செய்திகளைக் கொண்டு செல்வது இவரது பணிகளுள் ஒன்று. பின்னர் பிரித்தானியாவின் அரச வான்பறப்புப் படைக்கு மாறி, 1917 ஆம் ஆண்டில் விமானியாகத் தேர்ச்சி பெற்றார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சில் நடைபெற்ற வான் சண்டையில் சுடப்பட்டுக் காயமடைந்தார். இடது பாதத்தின் ஒரு பகுதியை அகற்ற வேண்டியதாயிற்று. வீரச் செயல்களுக்காக இராணுவச் சிலுவை விருது வழங்கப்பட்டது. காயம் ஆறிய பின்னர் பறத்தல் பயிற்சியாளராகப் பணியாற்றினார்.

போருக்குப் பின்

1919 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அரசு, இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியாவிற்கு 30 நாட்களுக்குள் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுண்டு பரிசு அறிவித்தது. கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் இப்போட்டியில் கலந்து கொள்ள விரும்பினார். ஆனால் நெடுந்தொலைவுப் பயணத்தில் திசையறிந்து செல்லும் அனுபவம் போதாது என்ற காரணத்தால் இவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. இவருடன் ஒற்றுமைப் பெயர் கொண்ட, ஆனால் உறவினர் அல்லாத ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் 28 நாட்களுக்குள் டார்வினை அடைந்து பரிசை வென்றனர். போட்டியில் கலந்து கொண்ட பிற குழுக்களைச் சேர்ந்த நால்வர் உயிரிழந்தனர்.

பின்னர் இவர் அமெரிக்காவில் சில காலம் சாகசப் பறப்புகளில் ஈடுபட்டு, 1921 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா திரும்பினார். மேற்கு ஆஸ்திரேலிய வான்வழி நிறுவனத்தின் விமானியாகச் சேர்ந்து, ஆஸ்திரேலியாவின் முதல் பயணிகள் வானூர்திச் சேவை விமானிகளுள் ஒருவரானார். 1924 ஆம் ஆண்டில் சக விமானியான கீத் ஆண்டர்சனுடன் சேர்ந்து கார்னார்வன் நகரில் சரக்குந்து நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டு இருவரும் வானூர்திகள் வாங்கினர்.

1927 ஆம் ஆண்டு சூன் மாதம் சார்ல்ஸ் உல்ம் என்பவருடன் ஆஸ்திரேலியக் கண்டத்தைச் சுற்றி 10 நாட்கள் 5 மணி நேரத்தில் பறந்து புதிய பதிவை ஏற்படுத்தினார். பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் திட்டத்திற்குப் பொருளுதவி பெற இப்பயணம் வழி வகுத்தது.

பசிபிக் பெருங்கடலைக் கடத்தல்

முன்னேற்பாடுகள்

அக்காலத்தில் வட அமெரிக்காவிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் இடையே கப்பலில் செல்ல ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. வான்வழியே கடப்பதில் இருந்த முதன்மையான இடர் தரையிறங்க இடம் இல்லாமையே ஆகும். கலிபோர்னியாவை அடுத்து ஹவாய், அதனை அடுத்துப் பிஜி, பின்னர் ஆஸ்திரேலியா என்று மூன்று பாய்ச்சல்களில் கடலைக் கடக்க வேண்டும். இவற்றுள் ஹவாய்–பிஜி பகுதி அதுவரை எவரும் இடைநில்லாமல் கடல் மேல் பறந்திராத அளவு நீளமானது. சில பாகை பிழையாகத் திரும்பினாலும் தீவைத் தவறவிட்டு, எரிபொருள் தீர்ந்து கடலில் விழ நேரிடும். 1927 ஆகஸ்டில் ஓக்லாந்தில் இருந்து ஹவாய்க்கு நடத்தப்பட்ட டோல் வான்பந்தயத்தில், அதற்கான முன்னேற்பாடுகளையும் தேடுதல் முயற்சியையும் சேர்த்துப் பத்துப் பேர் உயிரிழந்திருந்தனர்.

கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் உல்மும் துருவப் பயணியான ஹூபர்ட் வில்கின்சிடம் இருந்து உந்துபொறிகள் இல்லாத ஃபோக்கர் வகை வானூர்தி ஒன்றை வாங்கினர். அதில் 200 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட மூன்று ரைட் வேர்ல்விண்டு உந்துபொறிகள் பொருத்தப்பட்டன. தென் வானில் தெரியும் தென்சிலுவை விண்மீன் கூட்டத்தின் பெயரால் அதற்குச் சதர்ன் கிராஸ் என்று பெயரிட்டனர். நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு முதலில் பொருளுதவி செய்தது. ஆனால் டோல் பந்தய உயிரிழப்புகளுக்குப் பிறகு, ஆட்சிக்கு வந்த புதிய அரசு முயற்சியைக் கைவிடுமாறு கேட்டுக் கொண்டது. கடன் பெருகியது. பணம் திரட்டும் நோக்கில் 1928 ஆம் ஆண்டு தொடக்கத்தில் இவர் மற்றொரு விமானியுடன் தரையிறங்காமல் 50 மணி நேரம் பறந்தார். எனினும் அப்போதைய உலகப் பதிவை முறியடிக்க இயலவில்லை. இறுதியில் கலிபோர்னியாவைச் சேர்ந்த செல்வந்தர் ஆலன் ஹேன்காக் கடனை ஏற்றுக் கொண்டு உதவினார். இவர் பின்னர் வானூர்தியையும் அவர்களுக்கே அளித்துவிட்டார். தொடக்கத்தில் இத்திட்டத்தில் பங்கு கொண்டிருந்த கீத் ஆண்டர்சன், பணம் கிடைக்காத நிலையில் ஆஸ்திரேலியா திரும்பிவிட்டிருந்தார்.

பயணம்

1928 மே 31 அன்று காலை 8:54 மணிக்குச் சதர்ன் கிராஸ் ஓக்லாந்தில் இருந்து புறப்பட்டது. கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் உல்மும் விமானிகளாகவும், அமெரிக்கர்களான ஹாரி லயன் வழிகாட்டியாகவும், ஜேம்ஸ் வார்னர் வானொலி இயக்குநராகவும் இருந்தனர். விமானிகளின் அறைக்கும் பின்னறைக்கும் இடையே பெரிய எரிபொருள் தொட்டி இருந்தது. உந்துபொறிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. எனவே செய்திகளைக் காகிதத்தில் எழுதிக் குச்சியின் முனையில் செருகி முன்னும் பின்னும் நீட்டிக் கொண்டனர்.

பயணத்தின் மூன்று கட்டங்கள் பின்வருமாறு:

* ஓக்லாந்து – வீலர் தளம், ஹவாய்: 3,870 கிமீ, 27 மணி 25 நிமிடம்
* பார்க்கிங் சாண்ட்ஸ், ஹவாய் – சுவா, பிஜி: சுமார் 5,000 கிமீ, 34 மணி 30 நிமிடம்
* நசெலாய் கடற்கரை, பிஜி – பிரிஸ்பேன்: சுமார் 2,740 கிமீ, 20 மணி நேரத்திற்கு மேல்

மேற்கண்ட தொலைவுகளையும் நேரங்களையும் கொண்டு கணக்கிட்டால், வானூர்தியின் சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 140 கிமீ அளவிலேயே இருந்தது தெரிய வரும்.

முதல் கட்டத்தில் அமெரிக்க இராணுவத்தின் வானொலி வழிகாட்டி அலைகள் உதவின. இரண்டாம் கட்டத்திற்குத் தேவையான எரிபொருளை முழுவதும் ஏற்றிய வானூர்தி எழும்புவதற்கு வீலர் தளத்தின் ஓடுபாதை போதவில்லை. ஆகவே காவாய் தீவில் உள்ள பார்க்கிங் சாண்ட்ஸ் என்னும் மணற்பரப்பிற்குச் சென்று, சூன் 3 அன்று அங்கிருந்து கிளம்பினர். அன்றைய இரவு மழையும் புயலும் நிறைந்ததாக இருந்தது. எரிபொருள் வேகமாகக் குறைந்தது. பிஜித் தீவின் தலைநகரான சுவாவில் வானூர்தி நிலையம் ஏதும் இல்லை. ஆல்பர்ட் பூங்கா என்னும் விளையாட்டுத் திடலே தரையிறங்கும் இடமாயிற்று. திடல் சிறியதாகையால் அதன் எல்லையை நெருங்கியபோது வானூர்தியை வேகமாகத் திருப்பி நிறுத்த வேண்டியதாயிற்று. இடையில் பன்னாட்டு நாள் கோட்டைக் கடந்ததால், அங்கு அன்று சூன் 5 ஆக இருந்தது.

எரிபொருள் நிரப்பிய வானூர்தி எழும்புவதற்கு அத்திடலும் போதாது என்பதால் நசெலாய் கடற்கரையில் இருந்து சூன் 8 அன்று மூன்றாம் கட்டம் தொடங்கியது. தொலைவில் குறைந்த இக்கட்டமே வானிலையில் மிகக் கடுமையானதாக அமைந்தது. சூன் 9 காலையில் பிரிஸ்பேனின் ஈகிள் பார்ம் தளத்தில் சதர்ன் கிராஸ் இறங்கியபோது பல்லாயிரக்கணக்கான மக்கள் கூடியிருந்தனர். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 11,566 கிமீ. வானில் இருந்த நேரம் சுமார் 83 மணி. இடையில் தங்கிய நாட்களையும் சேர்த்துப் புறப்பட்ட நேரத்தில் இருந்து எட்டு நாட்களும் சில மணி நேரமும் ஆகியிருந்தன.

தாஸ்மான் கடலைக் கடத்தல்

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் மெல்பேர்ன் அருகே உள்ள பாயிண்ட் குக்கில் இருந்து பெர்த் நகருக்கு இடைநில்லாமல் பறந்தார். அடுத்து தாஸ்மான் கடலைக் கடக்கத் திட்டமிட்டார். 1928 சனவரியில் இக்கடலைக் கடக்க முயன்ற நியூசிலாந்தைச் சேர்ந்த மான்கிரீஃப், ஹூட் ஆகிய இருவரும் காணாமல் போயிருந்தனர்.

செப்டம்பர் 10 அன்று மாலை சிட்னி அருகே உள்ள ரிச்மண்டில் இருந்து கிங்ஸ்போர்ட் ஸ்மித், உல்ம், வழிகாட்டி லிட்ச்பீல்டு, வானொலி இயக்குநர் மெக்வில்லியம்ஸ் ஆகியோர் புறப்பட்டனர். வழியில் இடியுடன் கூடிய புயலில் சிக்கினர். வானூர்தியின் மீது பனி படிந்தது. வானொலிக் கருவி பழுதடைந்தது. எனினும் 14 மணி 25 நிமிடப் பயணத்திற்குப் பின்னர் மறுநாள் காலை கிரைஸ்ட்சர்ச்சு நகரின் விக்ரம் தளத்தில் தரையிறங்கினர். இன்று சிட்னியில் இருந்து கிரைஸ்ட்சர்ச்சுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் செல்ல முடிகிறது.

காப்பி ராயல் நிகழ்வு

கிங்ஸ்போர்ட் ஸ்மித்தின் வாழ்வில் பெரும் மனவேதனையை ஏற்படுத்திய நிகழ்வு 1929 ஆம் ஆண்டில் நடந்தது. மார்ச் 31 அன்று இவரும் தாஸ்மான் பயணக் குழுவினரும் சதர்ன் கிராசில் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டனர். வடமேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் மோசமான வானிலையில் வழி தவறி, எரிபொருள் தீரும் நிலையில் கழிமுகச் சேற்றுநிலம் ஒன்றில் இறங்கினர். தரையில் இருந்தபடி அவர்களால் வானொலிச் செய்தி அனுப்ப இயலவில்லை. போதிய அவசர உணவும் வானூர்தியில் இல்லை. காப்பியையும் பிராந்தியையும் கலந்து குடித்ததால் அவ்விடத்திற்குக் காப்பி ராயல் என்று பெயரிட்டனர். ஏப்ரல் 12 அன்று தேடுதல் வானூர்தி ஒன்று அவர்களைக் கண்டுபிடித்தது.

ஆனால் அதற்குள் மற்றொரு துயரம் நிகழ்ந்திருந்தது. பழைய நண்பரும் தொழிற் பங்காளியுமான கீத் ஆண்டர்சன், பாப் ஹிச்காக் என்னும் வானூர்தி வினைஞருடன் கூக்கபரா என்ற சிறிய வானூர்தியில் இவர்களைத் தேடிச் சென்றார். ஏப்ரல் 10 அன்று உந்துபொறிக் கோளாற்றால் தனாமி பாலைவனத்தில் இறங்க நேர்ந்தது. மீண்டும் எழும்ப முடியாத நிலையில் இருவரும் நீரின்றி இறந்தனர். ஏப்ரல் 21 அன்று அவர்களது வானூர்தி வானில் இருந்து கண்டறியப்பட்டது.

விளம்பரத்திற்காகவே கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் உல்மும் காணாமல் போனதாக நாடகம் ஆடினர் என்று வதந்தி பரவியது. அரசு அமைத்த விசாரணைக் குழு அவர்கள் மீது இக்குற்றம் இல்லை என்று முடிவு செய்தது. எனினும் போதிய அவசர உணவின்றிப் புறப்பட்டது போன்ற குறைகள் வெளிப்பட்டன. பசிபிக் வெற்றியின்போது கொண்டாடிய மக்களில் ஒரு பகுதியினர் பின்னர் இவரைப் பழைய மதிப்புடன் நோக்கவில்லை. கூக்கபரா வானூர்தியின் எஞ்சிய பாகங்கள் 1978 ஆம் ஆண்டில் பாலைவனத்தில் இருந்து மீட்கப்பட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

விசாரணை முடிந்தபின் 1929 சூன் மாதம் அதே குழுவினர் மீண்டும் புறப்பட்டு 12 நாட்கள் 18 மணி நேரத்தில் இங்கிலாந்தை அடைந்தனர்.

அத்திலாந்திக் பயணம்

1930 சூன் 24 அன்று அயர்லாந்தின் போர்ட்மார்னாக் கடற்கரையில் இருந்து புதிய குழுவினருடன் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். சுமார் 31½ மணி நேரத்திற்குப் பின்னர் நியூபவுண்லாந்தின் ஹார்பர் கிரேசில் தரையிறங்கினார். பின்னர் நியூயார்க் வழியாக ஓக்லாந்தை அடைந்து, 1928 இல் தொடங்கிய இடத்திற்கே திரும்பியதன் மூலம் உலகைச் சுற்றி முடித்தார்.

தொலைவு ஒன்றாக இருப்பினும் பறக்கும் நேரம் திசையைப் பொறுத்து மாறும் என்பதற்கு இப்பயணம் நல்ல எடுத்துக்காட்டாகும். 1919 ஆம் ஆண்டில் ஆல்காக், பிரவுன் ஆகியோர் நியூபவுண்லாந்தில் இருந்து அயர்லாந்திற்குக் கிழக்கு நோக்கிப் பறந்தபோது 16 மணி நேரத்திற்கும் குறைவாகவே ஆனது. வட அத்திலாந்திக்கில் மேற்கில் இருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்று அவர்களுக்குத் துணையாக இருந்தது. கிங்ஸ்போர்ட் ஸ்மித் எதிர்காற்றில் பறந்ததோடு, நியூபவுண்லாந்தை நெருங்கியபோது அடர்ந்த மூடுபனியில் சிக்கித் திசை தடுமாறவும் நேர்ந்தது. இன்றும் இப்பகுதியில் மேற்கு நோக்கிய பயணங்களுக்குக் கூடுதல் நேரம் ஆவது இக்காரணத்தாலேயே ஆகும்.

இங்கிலாந்து – ஆஸ்திரேலியா நேரப் பதிவுகள்

இரு நாடுகளுக்கும் இடையே கப்பலில் செல்ல அக்காலத்தில் ஒரு மாதத்திற்கும் மேலாகும். கடிதம் அனுப்பி மறுமொழி பெற இரண்டு மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே வான்வழி நேரத்தைக் குறைப்பது வெறும் பந்தயமாக மட்டும் இருக்கவில்லை. ஒழுங்கான அஞ்சல் சேவையைத் தொடங்குவதற்கான சான்றாகவும் அது கருதப்பட்டது. அக்காலத்தின் முக்கியமான பயணங்கள் சில:

* 1919: ராஸ் ஸ்மித் குழுவினர், இலண்டன் – டார்வின், 28 நாட்களுக்குள்
* 1928: பெர்ட் ஹிங்க்லர் தனியாக, டார்வின் வரை, 16 நாட்களுக்குள்
* 1930: கிங்ஸ்போர்ட் ஸ்மித் தனியாக, டார்வின் வரை, 9 நாட்கள் 22 மணி
* 1933: கிங்ஸ்போர்ட் ஸ்மித் தனியாக, விண்டாம் வரை, 7 நாட்கள் 4 மணி 44 நிமிடம்
* 1934: ஸ்காட், கேம்பெல் பிளாக், மெல்பேர்ன் வரை, 3 நாட்களுக்குள்

1930 ஆம் ஆண்டில் இவர் பயன்படுத்திய ஏவ்ரோ ஏவியன் வானூர்தி ஒற்றை உந்துபொறி கொண்ட சிறிய ஊர்தி. தனியாகச் செல்பவர் வானூர்தியை இயக்குவதோடு, வரைபடம் பார்ப்பதையும் எரிபொருள் கணக்கிடுவதையும் தாமே செய்ய வேண்டும். இறங்கிய இடங்களிலும் பழுது பார்க்க வேண்டியிருந்ததால் உறக்கம் சில மணி நேரமே கிடைக்கும். ஆகவே இந்நேரப் பதிவுகளில் வானூர்தியின் வேகத்திற்கு நிகராக விமானியின் தாங்கும் ஆற்றலும் பங்கு பெற்றிருந்தது.

வான்வழி நிறுவனம்

1928 இறுதியில் கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் உல்மும் ஆஸ்திரேலிய தேசிய வான்வழி நிறுவனத்தைத் தொடங்கினர். 1930 சனவரியில் பயணிகள் சேவை ஆரம்பமாயிற்று. உலகப் பொருளாதார வீழ்ச்சியால் வருவாய் குறைந்திருந்த வேளையில், 1931 மார்ச் 21 அன்று நிறுவனத்தின் சதர்ன் கிளவுடு வானூர்தி சிட்னியில் இருந்து மெல்பேர்ன் செல்லும் வழியில் எட்டுப் பேருடன் காணாமல் போனது. அவ்வாண்டு சூன் மாதத்தில் சேவை நிறுத்தப்பட்டது. சதர்ன் கிளவுடின் சிதைவுகள் 1958 ஆம் ஆண்டில்தான் பனிமலைத் தொடரில் கண்டெடுக்கப்பட்டன.

1931 ஏப்ரலில் இங்கிலாந்து – ஆஸ்திரேலியா சோதனை அஞ்சல் வானூர்தி தைமூர் தீவில் விபத்துக்குள்ளானது. அப்போது சதர்ன் கிராசில் சென்று அந்த அஞ்சலைக் கொண்டு வந்தவர் கிங்ஸ்போர்ட் ஸ்மித்தே. ஆனால் 1934 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா – சிங்கப்பூர் வான்வழி அஞ்சல் சேவைக்கான ஒப்பந்தம் குவாண்டாஸ் எம்பயர் நிறுவனத்திற்குக் கிடைத்தது. இவரது முயற்சி வெற்றி பெறவில்லை. வழிகளைத் திறந்து காட்டிய இவருக்கு அவ்வழிகளில் நிலையான தொழில் அமையவில்லை. காசு வாங்கிக் கொண்டு மக்களை வானூர்தியில் ஏற்றிச் சுற்றிக் காட்டும் உல்லாசப் பறப்புகளே பெரும்பாலும் வருவாய் தந்தன. 1932 ஆம் ஆண்டில் இவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது.

1934 – 1935

1934 ஆம் ஆண்டில் லேடி சதர்ன் கிராஸ் என்று பெயரிட்ட லாக்ஹீடு ஆல்டேர் வகை வானூர்தியை வாங்கினார். இது பழைய ஃபோக்கரை விட மிகவும் வேகமானது. இலண்டன் – மெல்பேர்ன் பந்தயத்திற்கு இது உரிய நேரத்தில் ஆயத்தமாகாததால் போட்டியில் இருந்து விலகினார். அதற்குப் பதிலாக 1934 அக்டோபர் 20 அன்று பி. ஜி. டெய்லருடன் பிரிஸ்பேனில் இருந்து புறப்பட்டு, பிஜி, ஹவாய் வழியாக நவம்பர் 4 அன்று ஓக்லாந்தை அடைந்தார். ஆஸ்திரேலியாவில் இருந்து அமெரிக்காவிற்கு வானூர்தியில் சென்ற முதல் பயணம் இதுவாகும். அடுத்த மாதமே, தனியாக அதே கடலைக் கடக்க முயன்ற சார்ல்ஸ் உல்மும் அவரது குழுவினரும் ஹவாய் அருகே காணாமல் போயினர்.

1935 மே 15 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழாவையொட்டிச் சிறப்பு அஞ்சலுடன் சதர்ன் கிராஸ் நியூசிலாந்து நோக்கிப் புறப்பட்டது. டெய்லரும் வானொலி இயக்குநர் ஜான் ஸ்டானேஜும் உடன் இருந்தனர். நடுக்கடலில் மைய உந்துபொறியின் புகைக்குழாயில் ஒரு பகுதி உடைந்து வலப்புறச் சுழல்விசிறியைத் தாக்கியது. வலப்புற உந்துபொறியை நிறுத்த வேண்டியதாயிற்று. சிட்னிக்குத் திரும்பும் வழியில் இடப்புற உந்துபொறியின் மசகெண்ணெய் குறையத் தொடங்கியது. டெய்லர் வானூர்திக்கு வெளியே இறக்கைத் தாங்கியில் கால் வைத்துச் சென்று, நின்றுபோன உந்துபொறியில் இருந்து எண்ணெயை எடுத்து மற்றதில் ஊற்றினார். கடல் மீது வீசிய காற்றில் ஆறு முறை இவ்வாறு செய்தார். எடையைக் குறைக்கச் சரக்குகளும் பின்னர் அஞ்சற் பைகளும் கடலில் எறியப்பட்டன. வானூர்தி பாதுகாப்பாகச் சிட்னி திரும்பியது. டெய்லருக்கு வீர விருது வழங்கப்பட்டது. சதர்ன் கிராஸ் அதே ஆண்டில் அரசுக்கு விற்கப்பட்டது.

மறைவு

1935 நவம்பர் 6 அன்று இங்கிலாந்தின் லிம்ப்னே தளத்தில் இருந்து வினைஞர் டாமி பெத்திபிரிட்ஜுடன் லேடி சதர்ன் கிராசில் ஆஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டார். 1934 இல் ஏற்படுத்தப்பட்ட நேரப் பதிவை முறியடிப்பது நோக்கமாக இருந்தது. ஏதென்சு, பாக்தாத் வழியாக இந்தியாவின் அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) வந்து சேர்ந்தார். அங்கிருந்து சிங்கப்பூருக்கு 3,500 கிமீ அளவிலான தொலைவை இரவில் இடைநில்லாமல் கடக்கப் புறப்பட்டார்.

நவம்பர் 8 அதிகாலைக்குப் பிறகு அவ்வானூர்தியைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அதே வழியில் பறந்து கொண்டிருந்த ஆஸ்திரேலிய விமானி ஜிம்மி மெல்ரோஸ், வங்காள விரிகுடாவின் கிழக்குப் பகுதியில் அந்த வானூர்தியைக் கண்டதாகத் தெரிவித்தார். தேடுதல் முயற்சிகள் பயனளிக்கவில்லை.

1937 மே மாதம் பர்மாவின் தென்கரைக்கு அப்பால் உள்ள ஆய் தீவின் அருகே, சக்கரத்துடன் கூடிய வானூர்திக் கால் ஒன்றை மீனவர்கள் கண்டெடுத்தனர். சக்கரத்தின் டயரில் அப்போதும் காற்று இருந்தது. அது லேடி சதர்ன் கிராசுக்கு உரியதே என்று லாக்ஹீடு நிறுவனம் உறுதி செய்தது. வானூர்தியின் ஏனைய பகுதிகளும் இருவரது உடல்களும் கிடைக்கவில்லை.

குடும்பம்

கிங்ஸ்போர்ட் ஸ்மித் 1923 ஆம் ஆண்டில் தெல்மா கார்பாய் என்பவரை மணந்தார். இத்திருமணம் 1929 இல் மணமுறிவில் முடிந்தது. 1930 டிசம்பரில் மெல்பேர்னில் மேரி பவெல் என்பவரை மணந்தார். இவர்களுக்கு 1932 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ஆர்தர் என்ற மகன் பிறந்தார். தந்தை காணாமல் போனபோது குழந்தைக்கு மூன்று வயது நிறைவடைந்திருக்கவில்லை.

தொலைவும் நேரமும்: அன்றும் இன்றும்

கோள வடிவான புவியின் மேல் இரு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி பெருவட்டம் எனப்படும். சான் பிரான்சிஸ்கோ குடாவில் இருந்து பிரிஸ்பேனுக்குப் பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 11,400 கிமீ ஆகும். கிங்ஸ்போர்ட் ஸ்மித் சென்ற வழியின் தொலைவான 11,566 கிமீ இதனை விடச் சற்றே அதிகம். ஹவாயும் பிஜியும் இக்குறுகிய வழிக்கு அருகிலேயே அமைந்திருப்பது இதற்குக் காரணம். ஆகவே 1928 முதல் இன்று வரை பறக்கும் தொலைவு பெரிதாகக் குறையவில்லை, நேரமே குறைந்துள்ளது. இவருக்கு 83 மணி எடுத்த தொலைவை இன்றைய தாரை வானூர்திகள் 13 முதல் 14 மணி நேரத்தில் இடைநில்லாமல் கடக்கின்றன.

இங்கிலாந்து வழியிலும் இவ்வாறே மாற்றம் நிகழ்ந்தது. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னி – இலண்டன் இடையே தொடங்கிய சேவை நான்கு நாட்கள் எடுத்துக் கொண்டது. 1989 ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் போயிங் 747-400 வானூர்தி ஒன்று, கட்டணப் பயணிகள் இன்றி இலண்டனில் இருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் இடைநில்லாமல் பறந்தது. 2018 மார்ச்சில் பெர்த் – இலண்டன் இடையே ஏறத்தாழ 14,500 கிமீ தொலைவிற்குச் சுமார் 17 மணி நேர இடைநில்லாச் சேவை தொடங்கப்பட்டது. 2019 நவம்பரில் இலண்டன் – சிட்னி ஆய்வுப் பயணம் ஒன்று 19 மணி 19 நிமிடத்தில் முடிந்தது.

இன்று பயணச்சீட்டில் அச்சிடப்படும் பறக்கும் நேரம் பயணிக்கு ஓர் எண் மட்டுமே. அந்த எண் முதலில் கணிக்கப்பட்ட காலத்தில் காற்றின் திசை, எரிபொருளின் எடை, ஓடுபாதையின் நீளம், விமானியின் உறக்கம் ஆகிய ஒவ்வொன்றும் உயிரோடு தொடர்புடையனவாக இருந்தன. கிங்ஸ்போர்ட் ஸ்மித், உல்ம், ஆண்டர்சன் ஆகிய மூன்று நண்பர்களும் அவ்வழிகளிலேயே உயிரிழந்தனர்.

நினைவுச் சின்னங்கள்

* 1936 ஆம் ஆண்டில் சிட்னியின் மாஸ்காட் வானூர்தி நிலையத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டது.
* சதர்ன் கிராஸ் வானூர்தி பிரிஸ்பேன் வானூர்தி நிலையப் பகுதியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.
* 1949 ஆம் ஆண்டில் சிட்னியில் உருவாக்கப்பட்ட நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுக்கு இவரது பெயர் இடப்பட்டது.
* 1966 ஆம் ஆண்டு முதல் 1994 ஆம் ஆண்டு வரை வெளியான ஆஸ்திரேலிய 20 டாலர் தாளில் இவரது படம் இடம்பெற்றிருந்தது.
* 1997 ஆம் ஆண்டில் பிறந்தநாள் நூற்றாண்டையொட்டி ஒரு டாலர் நாணயம் வெளியிடப்பட்டது.
* பர்மாக் கரையருகே கிடைத்த வானூர்திக் கால் சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்க்கப்பட்டது.